ஐந்தேகால் நொடி

இரண்டு நாளாக என் வீட்டுத் தரையைத்
தட்டிக்கொண்டிருக்கிறார் ஜெய்னுலாப்தீன்.
பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால்
ஒரு கல்லுக்கு ஐந்து தட்டு:
நாலு மூலை, ஒரு நடு.
"இது பேசுது" என்கிறார்.
"இது வாயத் தொறக்கல, நல்ல கல்லு."
பேசுகிற கல்லுக்கு அடியில் சிமெண்ட் இல்லை.
சாக்பீஸால் அதன்மேல் ஒரு பெருக்கல் குறி.

அடுத்த அறையில் நான்
ஒரு கண்டத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.
தட்டுவது நானில்லை, சரியாகச் சொல்ல வேண்டும்.
ஃபிஜித் தீவுகளுக்கு அறுநூறு கிலோமீட்டர் கீழே
போன பங்குனியில் என்னவோ முறிந்தது.
ஒரு வீட்டிலும் தம்ளர் கவிழவில்லை.
பூமியின் வயிற்றுக்குள் ஒன்பது நிமிடம் நடந்து
(நடந்து என்பது பொய்,
நொடிக்குப் பத்து கிலோமீட்டர்)
தென்துருவப் பனிக்கு அடியில் அது வந்து முட்டியபோது
அங்கே ஆள் யாரும் இல்லை.
ஒரு குழி, குழிக்குள் ஒரு கருவி.
சித்திரையில் சூரியன் போனால்
ஆவணியில்தான் திரும்பும் இடம்.
பேட்டரி ஆனியில் செத்தது.
சாகும்வரை கேட்டதையெல்லாம் எழுதி வைத்திருந்தது.

பனி மோசமான தரை.
கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தடிமன்.
உள்ளே புகுந்த அலையை வெளியே விடாமல்
ஒன்றரை நொடிக்கொரு தரம் மேலும் கீழும் அடிக்கிறது,
ஆளில்லாத கல்யாண மண்டபத்தில்
மைக் டெஸ்ட் செய்வதுபோல.
அந்த இரைச்சலுக்குள் எனக்கு வேண்டியது ஒற்றைக் குரல்.
மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லையில்
விரைந்து வருகிற அலையில் ஒரு பங்கு
சட்டை மாற்றிக்கொண்டு
பக்கவாட்டில் ஆடியபடி பின்தங்கி வரும்.
எவ்வளவு பின்தங்கி என்பதுதான் எல்லாம்.

பதினொரு மாதமாக அது
நாலு நொடி என்றது, ஏழு என்றது,
ஒரு ராத்திரி இல்லவே இல்லை என்றது.
இன்று காலை பனியைக் கணக்கில் கழித்து,
கழித்தது தப்பென்று மறுபடி கழித்து

ஐந்தேகால்.

அப்படியென்றால் நாற்பத்து மூன்று கிலோமீட்டர்.
தடித்த, குளிர்ந்த, கிழட்டுப் பாறை.

சொல்வதற்கு ஆளில்லை. அவரிடம் சொன்னேன்.
டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:
"அங்க யாரும்மா வீடு கட்டப் போறா?"
யாரும் இல்லை.
ஆனால் கீழே சூடாக இருந்தால் பனி வழுக்கும்,
வழுக்கினால் தொண்டியில்
உங்கள் மச்சான் வீட்டு வாசலில் கடல் நிற்கும் என்றேன்.
"சூடா இருக்கா?"
இந்தப் பக்கம் இல்லை. மேற்குப் பக்கம் இருக்கிறது.
"மேற்குப் பக்கம் பேசுது"
என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கூடல் நகர் தாண்டி ஒரு கூட்ஸ் போனது.
விளாங்குடியின் மாடிகள் எல்லாம் லேசாக நடுங்கின.
நாணயத்தைத் தூக்கிப் பிடித்தபடி
கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருந்தார்.
நானும் அப்படித்தான்,
புயலை வெட்டுவேன், கடலலையை வெட்டுவேன்,
பென்குயின் நடந்த சத்தத்தைக்கூட வெட்டியிருக்கிறேன்.

இந்தக் கருங்கல் மேலூர்ப் பக்கம் அறுத்தது.
அதன் வயதை அவரிடம் சொல்லவில்லை.
கடல் நடுவில் வருவதற்கு முன்
இதன் பங்காளிக் கற்கள் எந்தக் கரையோடு போயின என்றும்.
சதுர அடி நூற்றிருபது ரூபாய்
என்பதுதான் அவருக்கும் எனக்கும் தெரிந்த கணக்கு.

ஜன்னலோரக் கல்லில் மட்டும் நின்றுவிட்டார்.
தட்டினார். தலையைச் சாய்த்தார். மறுபடி தட்டினார்.
"நீங்க கேளுங்க, நீங்கதான் படிச்சவுக."
முட்டி போட்டு, காதை வைத்துக் கேட்டேன்.
ஜில்லென்று இருந்தது.
சத்தம் நல்லதா கெட்டதா,
சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கல்லில் குறியின் ஒரு கோட்டை மட்டும்
போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் உள்ளே வந்து
ஐந்தேகாலுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
கூடக்குறைய, கால்.